பிஜித் தீவில் ஊர் புகுமுறை

பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜித் தீவுகளின் சிற்றூர்களுக்கு மதிலுமில்லை, வாயிற்காவலருமில்லை. ஆயினும் கேளாது உட்புகுதல் ஆண்டுப் பெரும்பிழையாகும். நாம் அத்தகைய ஊரொன்றிற்குச் செல்வதாகக் கொள்வோம். கையில் முதற்கண் இருக்கவேண்டுவது ஒரு கட்டு யங்கோனா வேர். வெற்றிலைக்கும் மிளகிற்கும் இனமானதொரு செடியின் வேர் இது. விருந்தினர்க்கு வெற்றிலை நீட்டும் நம்மனோர்க்கு இவ்வுறவு மகிழ்ச்சி தருவதே. ஆனால் நம் நாட்டில் வீட்டார் முதலில் அளிப்பர். ஆங்கோ வந்தவனே அளித்தல் வேண்டும். இதற்குச் செவுசெவு என்று பெயர்.

ஊரெல்லையிலேயே தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிடுகின்றோம். தோளும் முழந்தாளும் மறைய உடுத்தல் வேண்டும். நம் வேட்டியை ஒத்த சுலு என்னும் ஆடையை இருபாலாரும் உடுப்பர். மிதியடியை வெளியே விட்டு, குனிந்து உட்சென்று, பாயின்மேற் சம்மணமிட்டு அமர்கின்றோம். நம் சார்பில் ஒருவர் வேரைத் தலைவர்முன் வைத்து வந்த காரியத்தை உரைப்பர். தலைவர் அதனை ஏற்றாராயின், அன்றுமுதல் நாம் அவ்வூரார் பொறுப்பு. இதுவே செவுசெவுவின் உயிர். மற்றவை அதன் உறுப்புக்கள்.

பின்னர் வேர்ப்பொடியை நீரிற் கலந்து தானோவா என்னும் மரத்தொட்டியில் வடித்துச் சிரட்டையில் தருவர். கைகளைக் குவித்து ஒருமுறை தட்டி, 'புலா' என்று கூறி, ஒரே மூச்சிற் பருகி, மும்முறை தட்டுதல் முறை. இது மதுவன்று; நாவைச் சற்றே மரக்கச் செய்யும். மண்சுவை என்பர் பருகினோர்.

பிறர் தலையைத் தொடுதல் மட்டும் எஞ்ஞான்றும் ஆகாது. குழந்தையின் தலையை அன்பினால் வருடுதலும் தகாது. 1867-இல் விதி லெவு தீவின் மலைநாட்டில் தாமஸ் பேக்கர் என்னும் மெதடிஸ்த மிஷனெரியும் அவருடன் சென்ற பிஜியக் கிறிஸ்தவர்களும் கொலையுண்டனர். தலைவன் தலையிலிருந்த சீப்பை அவர் எடுத்ததே காரணமென்பது செவிவழிச் செய்தி. புதுமதத்தோடு கடற்கரைத் தலைவரின் ஆட்சியும் வருமென்று அஞ்சியே கொன்றனர் என்பாரும் உளர். நமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

அவரைக் கொன்ற நம்புதௌதௌ ஊரார் பிற்காலத்திற் கிறிஸ்தவராயினர். எனினும் அப்பழி தம்மைத் தொடர்கின்றதென்று அவர்கள் நம்பினர். 2003-இல் ஆஸ்திரேலியாவினின்று பேக்கரின் வழித்தோன்றல்களை வரவழைத்து மன்னிப்பு வேண்டினர். அத்துணைப் பெரிய பிழைக்கு வேர் போதாது. தம்புவா எனப்படும் திமிங்கிலப் பல்லே வேண்டும். நற்செய்தியை ஏற்ற அம்மக்கள், தம் முன்னோர் முறைப்படியே அப்பற்களை அவர்கள்முன் வைத்தனர். வந்தவர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டனர்.