தக்காளி நாற்று வைக்கப் போகும் பிள்ளைக்கு

மக்களே, முட்டத்துக் கடற்காற்றில் தக்காளி வைக்க ஆசைப்படுகிறாய். நல்ல ஆசை. மண்ணில் கை வைக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்.

1. விதைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் மாதத்தை மட்டும் நம்பாதே, வானத்தையும் பார். கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லுக்கு இரண்டு போகம் கண்ட நாடு இது. இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. வெளியூரில் வைகாசி, ஆனியில் விதைப்பார்கள். அப்போது இங்கே தென்மேற்கு மழை. உப்புக்காற்று இளம் இலையைக் கருக்கிவிடும். ஐப்பசி மழை அடங்கட்டும். கார்த்திகை பாதிக்கு மேல் விதை போடு.

2. நாற்றங்காலை மேட்டுப்பாத்தியாகப் போடு. பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் கோடு கிழித்து விதை. தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் வரும். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று சாயங்காலம் தரையோடு மடிந்து கிடக்கும். என் அம்மா குடத்தைச் சாய்க்கவே மாட்டாள், கையில் அள்ளித்தான் தெளிப்பாள். பாசம் அதிகமானாலும் பயிர் அழுகும்.

3. நட இருபத்தைந்து நாள் நாற்று போதும். நெட்டையாக நிற்பதைப் பார்த்து மயங்காதே. அது வெளிச்சத்துக்கு ஏங்கி நீண்டது. குட்டையாக, தண்டு தடித்ததைத் தேர்ந்தெடு. பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கு. செல்லமாக வளர்ந்தது முதல் வெயிலிலேயே துவண்டுவிடும்.

4. நடுவது சாயங்காலம்தான். வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் விடு. தண்டில் கொஞ்சம் மண்ணுக்குள் போகட்டும். புதைந்த இடத்திலும் வேர் விடும். நாலைந்து நாள் முடைந்த ஓலையைக் கடல் பக்கம் சாய்த்து வை.

5. பூ கொட்டினால் உரத்தைக் கொட்டாதே. இரவு 15 முதல் 20 டிகிரி இருந்தால் தக்காளி நன்றாகக் காய் பிடிக்கும். நம் கடற்கரையில் அவ்வளவு குளிர் கிடையாது. மார்கழியும் தையும்தான் அதற்குக் கொஞ்சம் கிட்ட வரும். கார்த்திகையில் விதைக்கச் சொன்னது பூக்கும் காலம் தையில் விழட்டும் என்றுதான். பங்குனி வெயிலில் பூப்பதோடு யார் மல்லுக்கட்டுவது?

6. பச்சையாக நின்ற செடி திடீரென்று வாடினால், தண்டை நறுக்கிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிடு. பால் மாதிரி இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்துக் கடைக்கு ஓடாதே. செடியை வேரோடு எடுத்து எரி. அந்த இடத்தில் கத்தரி, மிளகாயும் வைக்காதே. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ரகங்கள் இந்த நோயைத் தாங்கும். பக்கத்து மண்ணில் நின்று காட்டியதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் எதற்கு?

7. எல்லா நாற்றையும் ஒரே நாளில் நட்டுவிடாதே. நடும் மார்கழியிலும் சில வருஷம் புயல்மழை வரும். கால்வாசியைப் பாத்தியிலேயே விட்டு வை. போன இடத்தை நிரப்ப உதவும். மிஞ்சினால் அடுத்த வீட்டுக்குக் கொடு. நாற்றுக்குக் காசு வாங்காதே, மக்களே.