மறையூர் வெல்லமும் ஒரு சிறிய கணக்கும்

தொழிலை விரிவுபடுத்தக் கடன் வேண்டி நம் கிளைகளுக்கு வரும் சிறுதொழில் முனைவோரிடம் எதற்காகக் கடன் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை, ‘இயந்திரம் வாங்க’ என்பதே. அதில் தவறில்லை. ஆயினும் இயந்திரம் வாங்குவதும் தொழிலில் புதுமை புகுத்துவதும் ஒன்றே என்ற எண்ணத்தை நாம் ஏற்பதற்கில்லை. 1911-இல் வெளிவந்த தம் நூலில் பொருளியல் அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் புதுமையை ஐந்தாகப் பகுத்தார்: புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருள் கிடைக்கும் புதிய இடம், தொழிலின் புதிய அமைப்புமுறை. இயந்திரம் பெரும்பாலும் இவற்றுள் இரண்டாவதில் அடங்கிவிடுகிறது. மற்றவை பற்றி விண்ணப்பங்களில் ஒரு வரிகூட இருப்பது அரிது.

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு செல்லும் சாலையில் இருக்கிறது மறையூர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மழை மறைவுப் பகுதியாக அமைந்த இவ்வூரும் அடுத்துள்ள காந்தளூரும் கரும்புக்குப் பெயர் பெற்றவை. கருப்பஞ்சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, அழுக்கை நீக்கி, பாகு பதம் வந்ததும் ஆறவிட்டு, சூடு தணியும் முன் கையால் உருட்டுகிறார்கள். அடுப்புக்குச் சாறு பிழிந்த சக்கையே எரிபொருள். அடர்ந்த பழுப்பு நிறமும், உப்புக்கரிப்பு இல்லாத இனிப்பும் இவ்வெல்லத்தின் அடையாளங்கள்.

அப்பெயருக்கு இருந்த மதிப்பே உற்பத்தியாளருக்கு இடையூறாகவும் அமைந்தது. வேறிடங்களில் மலிவாகச் செய்த வெல்லம் மறையூர் வெல்லம் என்ற பெயரில் கடைகளில் விற்கப்பட்டது. வாங்குபவருக்கு வேறுபாடு தெரியவில்லை. உண்மையாகச் செய்தவருக்கு உரிய விலையும் கிடைக்கவில்லை. 2019-இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொப்பரையும் அடுப்பும் பழையவையே. பெயரின் மீதான உரிமைதான் புதியது. ஷும்பீட்டரின் பட்டியலில் இது எங்கே பொருந்தும் என்று வாதிடலாம். எங்கள் கருத்தில் இது ஐந்தாம் வகை, அதாவது அமைப்புமுறையில் வந்த மாற்றம்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையிலுள்ள பதிவகம் வழங்கும் இக்குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டதால், அவ்வூரிலுள்ள ஒவ்வொருவரும் தாமாகவே அதற்கு உரியவர் ஆகிவிடுவதில்லை. ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தனியே பதிவுசெய்துகொள்ள வேண்டும். குறியீட்டின் பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. மாதம் 2,000 கிலோ வெல்லம் செய்யும் ஓர் ஆலை. அடக்கவிலை கிலோ 52 ரூபாய், மொத்த வியாபாரி தருவது 60 ரூபாய். மாத மிச்சம் 16,000 ரூபாய்.

முதல் வழி: 5 லட்சம் கடனில் பெரிய பிழிபொறியும் கொப்பரையும். உற்பத்தி 3,000 கிலோ ஆகிறது, அடக்கவிலை 50 ரூபாயாகக் குறைகிறது. மிச்சம் 30,000 ரூபாய். 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுத் தவணை ஏறத்தாழ 10,900 ரூபாய். அது போக 19,100 ரூபாய் நிற்கும்.

இரண்டாம் வழி: உற்பத்தியைக் கூட்டாமல், 60,000 ரூபாய்க் கடனில் எடைக்கருவி, உறை ஒட்டும் கருவி, ஆய்வகப் பரிசோதனை, பெயர்ச்சீட்டு. 500 கிலோவை மட்டும் நேரடியாக 85 ரூபாய்க்கு விற்கிறார். உறைக்கும் அனுப்புவதற்கும் கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதல் செலவு. இதில் 11,500 ரூபாய், எஞ்சிய 1,500 கிலோவில் 12,000 ரூபாய், ஆக 23,500 ரூபாய். மூன்றாண்டுத் தவணை சுமார் 2,000 ரூபாய் போக 21,500 ரூபாய்.

வேறுபாடு பெரிதில்லையே என்று தோன்றலாம். விலை கிலோவுக்கு 5 ரூபாய் இறங்கட்டும். முதல் வழியில் கையில் நிற்பது 4,100 ரூபாய். இரண்டாம் வழியில் 11,500 ரூபாய். எதுவுமே செய்யாதிருந்தால் 6,000 ரூபாய்! பெரிய கடன் வாங்கியவர் சும்மா இருந்தவரைவிடப் பின்தங்கிப்போகிறார். கடன் மதிப்பீட்டில் நாங்கள் விலைச்சரிவை வைத்துக் கணக்குப் பார்ப்பது விண்ணப்பத்தைத் தட்டிக்கழிக்க அன்று, இதற்காகத்தான். நேரடி விற்பனைக்கு வாடிக்கையாளர் உண்மையில் கிடைப்பார்களா என்பது வேறு கேள்வி. அதைக் கடன் வாங்கும் முன்பே ஐம்பது கிலோவை விற்றுப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

இயந்திரமே இல்லாத புதுமைக்கு இடுக்கியிலேயே இன்னொரு சான்று, ஞள்ளானி ஏலக்காய். நல்ல காய்ப்புள்ள செடிகளைத் தேர்ந்து பல ஆண்டுகள் கவனித்து அவ்வகையை உருவாக்கியவர் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி. அதே ஏலக்காய்க்கு 2007-இல் மின்னணு ஏலம் வந்தது. குரல் கொடுத்து விலை கேட்ட இடத்தில் கணினித் திரை வந்தது; போடிநாயக்கனூர் வியாபாரம் அன்றோடு முறை மாறிற்று. பாலக்காட்டின் ராமசேரியிலோ நிலைமை நேர்மாறு. தமிழகத்திலிருந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் மண்பானை மேல் துணி விரித்து அவிக்கும் இட்லிக்கு அந்தப் பானைதான் முதலீடு. அங்கே எஃகுப் பாத்திரம் வாங்கக் கடன் கேட்டு யாரேனும் வந்தால் நாங்கள் இருமுறை யோசிப்போம்.

உணவுப் பொருள் செய்யும் குறுந்தொழில்களுக்கு 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் முறைப்படுத்தல் திட்டம், தகுதியான திட்டச் செலவில் 35 விழுக்காட்டை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள், கடனோடு இணைந்த மானியமாக வழங்க வகைசெய்தது. தொழில் முனைவோரின் பங்கு குறைந்தது 10 விழுக்காடு. திட்டத்தின் தற்போதைய நிலையைக் கிளையில் கேட்டறியலாம். வரும்போது உத்யம் பதிவுச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு, கடந்த பன்னிரண்டு மாதக் கொள்முதல், விற்பனைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். குறிப்புகள் பள்ளி நோட்டில் கையால் எழுதியவையாக இருந்தாலும், அவற்றை வைத்துக்கொண்டு உங்களோடு உட்கார்ந்து மேற்கண்ட கணக்கை உங்கள் எண்களில் போட்டுப் பார்க்க முடியும்.