மழை இரவிலும் விழித்திருக்கும் கண்
(சூரியத் தகட்டில் ஓடும் கேமராவுக்கு ஒரு கணக்குப் பாடம்)



சோலார் கேமரா என்றதும் "இதிலென்ன இருக்கு? பேனலை மாட்டினோம், ஒயரைச் சொருகினோம், வேலை முடிஞ்சுது" என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு எங்கள் பெரியப்பா கொடுத்த விலை, நாற்பது மீட்டர் செம்புக் கேபிள். அந்த அனுபவத்தையும், அதன் பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கையும் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நடந்தது என்ன?

நாகப்பட்டினம் பக்கத்தில் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் வயல், கொஞ்சம் தென்னை, வாழை. போர்வெல்லில் நீர்மூழ்கி மோட்டார். வயல்வெளி மோட்டார்களின் கேபிளை வெட்டி, உரித்து, செம்பை எடைக்குப் போடும் திருட்டு நம் ஊர்ப்பக்கங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023 மே மாத விடுமுறையில் போன நான், "பெரியப்பா, நான் கேமரா போட்டுத் தர்றேன்" என்று மார்தட்டினேன். சிம் கார்டு போடும் 4ஜி கேமரா ஒன்று, 40 வாட் பேனல், 12 வோல்ட் 12 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. அன்றைக்கே ஓடியது. ஊரே வந்து போனில் பார்த்தது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப் போனது.

"ஷெட்டில் கரண்ட் இருக்கிறதே, சோலார் எதற்கு?" என்று கேட்பீர்கள். காற்று மழை என்றால் முதலில் போவது லைன்தான். அது மட்டுமல்ல, ஃபியூஸைப் பிடுங்கத் திருடனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12. அதை ஒட்டி டெல்டாவில் அடைமழை பிடித்தது. வெளியே தலைகாட்ட முடியாத ஒரு ராத்திரியில் கேபிள் போய்விட்டது. போனில் பதிவைத் தேடினால் முந்தின நாள் சாயங்காலத்தோடு படம் நின்றிருக்கிறது. பேட்டரி காலி!

பெரியப்பா கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏண்டா தம்பி, மழை பெய்யிற ராத்திரியிலதானே திருடன் வருவான்? அன்னிக்குத் தூங்குற கேமரா நமக்கு எதுக்குடா?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

கேமரா எவ்வளவு சாப்பிடுகிறது?

எதற்கும் முன்னால் செலவுக் கணக்கு. வாட் என்பது ஒரு நேரத்தில் இழுக்கும் திறன். அதை மணிக்கணக்கால் பெருக்கினால் வாட்-மணி. பேட்டரிக்கும் பேனலுக்கும் புரிகிற பாஷை இந்த வாட்-மணிதான்.

நம் லேபில் இருக்கும் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்துக் கேமரா இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். பகலில் ஓர் அளவு காட்டும். இருட்டியதும் அகச்சிவப்பு எல்இடிகள் எரியும்போது அளவு ஏறும். எங்கள் கேமரா பகலில் சுமார் 4 வாட், இரவில் சுமார் 6 வாட் இழுத்தது.

பகல்: 4 × 12 மணி = 48 வாட்-மணி
இரவு: 6 × 12 மணி = 72 வாட்-மணி
ஒரு நாளைக்கு: 120 வாட்-மணி

ஒன்றைக் கவனியுங்கள். வரவு இல்லாத இரவில்தான் செலவு அதிகம். இன்னொன்று, டவர் சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் 4ஜி மோடம் அதிக சக்தியோடு அலை அனுப்ப வேண்டியிருக்கும். செலவு இன்னும் கூடும். ஆகவே வீட்டில் வைத்து அளந்தது போதாது, மாட்டப்போகும் இடத்திலேயே அளக்க வேண்டும்.

வெயில் எவ்வளவு தருகிறது?

40 வாட் பேனல் என்றால் காலையிலிருந்து மாலை வரை 40 வாட் கொடுக்கும் என்று பொருளல்ல. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது, சிலிக்கான் செல்லின் வெப்பம் 25 டிகிரியில் இருந்தால் கிடைப்பதுதான் அந்த 40. நம் ஊர் வெயிலில் செல் 60 டிகிரிக்கு மேலும் சுடும். ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும் என்று வைத்தாலும் 35 டிகிரிக்கு 14 சதவீதம் போச்சு. தூசி, காக்கை எச்சம், ஒயர் இழப்பு எல்லாம் சேர்த்து, எழுதியிருப்பதில் முக்கால் பங்குதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது 'முழு வெயில் மணி'. காலையும் மாலையும் கிடைக்கும் இளவெயிலை எல்லாம் சேர்த்து, உச்சி வெயில் எத்தனை மணிக்குச் சமம் என்று பார்ப்பது. கோடையில் இதை 5.5 மணி என்று வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக்கு 3 மணி என்று வைப்பதுதான் பத்திரம். அடைமழை நாளில் 1 மணி கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

பேட்டரியில் ஏற்றி இறக்கும் இழப்புக்காக இன்னொரு 20 சதவீதம் கழிப்போம். இப்போது எங்கள் 40 வாட் பேனலின் வரவைப் பாருங்கள்.

மே மாதம்: 40 × 0.75 × 5.5 × 0.8 = 132 வாட்-மணி
மழை மாதம்: 40 × 0.75 × 3 × 0.8 = 72 வாட்-மணி
அடைமழை நாள்: 40 × 0.75 × 1 × 0.8 = 24 வாட்-மணி

செலவோ 120! மே மாதத்தில் 12 வாட்-மணி மிச்சம் காட்டிய அதே பேனல், மழை மாதத்தில் தினமும் 48 வாட்-மணி கடன் வைக்கிறது. ஐப்பசி பிறந்ததிலிருந்தே கேமரா விடியற்காலையில் நின்று, வெயில் ஏறியதும் மறுபடி எழுந்திருக்கிறது. நாங்கள் பகலில் மட்டும் போனைப் பார்த்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. கேமரா திடீரென்று சாகவில்லை நண்பர்களே, ஒரு மாதமாகப் பட்டினி கிடந்திருக்கிறது.

முதல் பாடம் இதுதான்: சோலார் கணக்கைச் சித்திரை வெயிலில் போடாதே, கார்த்திகை மழையில் போடு.

பேட்டரி என்னும் குதிர்

அறுவடையில் வந்த நெல்லை அடுத்த அறுவடை வரை காப்பது குதிர். பேட்டரியும் அப்படித்தான். மழை தொடர்ந்தால் மூன்று நாளாவது தாங்க வேண்டும் என்று வைப்போம். 120 × 3 = 360 வாட்-மணி தேவை.

லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். அப்படியானால் 720 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 60 ஆம்பியர்-மணி வேண்டும். நான் வைத்ததோ 12! அது மட்டுமா? காலியான நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு வெயில் வந்தாலும் பழைய அளவுக்கு ஏறாது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். 360 ÷ 0.8 = 450 வாட்-மணி. 12.8 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். விலை கூடுதல்தான், ஆனால் ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். சார்ஜ் கண்ட்ரோலரை லித்தியம் வகைக்கு மாற்றி வைக்க மறக்கக் கூடாது. நான்கு செல் பேட்டரிக்கு 14.6 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது.

குதிர் பெரிதானால் போதுமா? காலியான குதிரை நிரப்ப வேண்டாமா? மழை மாதத்தில் 75 வாட் பேனல் 135 வாட்-மணி தரும். செலவு போக மிச்சம் 15. காலியான 360-ஐ நிரப்ப 24 நாள் ஆகும்; அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். 100 வாட் பேனல் என்றால் 180 தரும், மிச்சம் 60, ஆறு நாளில் நிரம்பிவிடும். பேனலை அன்றாடச் செலவுக்கு மட்டும் வாங்கக் கூடாது, பழைய கடனை அடைக்கவும் சேர்த்து வாங்க வேண்டும்.

வரவைக் கூட்டுமுன் செலவைக் குறை

100 வாட் பேனல், 40 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி என்று நான் பட்டியல் நீட்டியதும் பெரியப்பா சிரித்தார். "கேபிள் வெலையை விடக் காவல்காரன் சம்பளம் ஜாஸ்தியா இருக்கேடா!" அவர் சொன்னதும் நியாயம்தானே?

அங்கேதான் இரண்டாவது வகைக் கேமரா உதவியது. இது இரவும் பகலும் படம் எடுப்பதில்லை, தூங்கிக்கொண்டிருக்கும். பிஐஆர் என்னும் வெப்ப உணரி மட்டும் விழித்திருக்கும். சூடான உடம்பு ஒன்று எதிரே நகர்ந்தால் கேமராவை எழுப்பும். அரை நிமிடம் பதிவு செய்து, போனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

தூக்கத்தில்: 0.02 வாட் × 24 = சுமார் 0.5 வாட்-மணி
மோடம் காத்திருக்க: 0.1 வாட் × 24 = 2.4 வாட்-மணி
தினம் 40 முறை, 30 விநாடி, 3 வாட்: 1 வாட்-மணி
மொத்தம்: சுமார் 4 வாட்-மணி

120 எங்கே, 4 எங்கே! இதற்கு 5 வாட் பேனல் மழை மாதத்திலும் 9 வாட்-மணி தரும். உள்ளே இருக்கும் இரண்டு 18650 லித்தியம் செல்களும் சேர்ந்து சுமார் 18 வாட்-மணி. துளி வெயில் இல்லாவிட்டாலும் நான்கு நாள் தள்ளிவிடும்.

ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு, அதிலும் நான் விழுந்தேன். 2024-இல் மாட்டிய முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு 400 செய்தி வந்தது. திருடனா? இல்லை, வாழை இலை! வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆட ஆட, உணரி அதை ஆள் என்று நினைத்துவிட்டது. 400 முறை எழுந்தால் அதற்கே 10 வாட்-மணி. மொத்தம் 13. வரவோ 9! குறுக்கே நின்ற இலைகளைக் கழித்து, கேமராவின் கோணத்தைத் திருப்பி, உணரியின் கூர்மையைக் குறைத்த பிறகுதான் 40-க்கு இறங்கியது.

இந்த உணரிக்குக் குறைகளும் உண்டு. பகல் வெப்பம் மனித உடல் சூட்டை நெருங்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறும். நனைந்த மழைக்கோட்டும் உடல் சூட்டை மறைக்கும். நேராகக் கேமராவை நோக்கி வருபவனை விடக் குறுக்கே கடப்பவனை இது சுலபமாகக் கண்டுபிடிக்கும். ஆகவே வருகிற வழிக்குக் குறுக்காகவும், கேபிளுக்குப் பக்கத்திலும் பார்க்கும்படி மாட்ட வேண்டும்.

மாட்டும்போது மறக்கக் கூடாதவை

1. பேனல் தெற்கு நோக்கி இருக்கட்டும். நாகப்பட்டினம் ஏறத்தாழ 11 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. மார்கழியில் நண்பகல் சூரியனே 56 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். மழை, பனிக்காலத்தை மனதில் வைத்து 20 முதல் 25 டிகிரி சாய்வு கொடுத்தால் நல்லது. சாய்வு இருந்தால் மழையே பேனலைக் கழுவிவிடும்.

2. நிழல் ஆகவே ஆகாது. செல்கள் தொடராக இணைந்தவை. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு செல்லில் விழுந்தாலும் மொத்த மின்னோட்டமும் படுத்துவிடும். கேமரா ஷெட்டின் நிழலில் இருக்கலாம். பேனலைத் தனிக் கம்பத்தில் வெயிலுக்குக் கொண்டு போங்கள்.

3. அப்படிக் கொண்டு போகும்போது ஒயரின் கனத்தைப் பாருங்கள். 0.5 சதுர மி.மீ. ஒயரில் 10 மீட்டர் தூரம், போக வர 20 மீட்டர், 1 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் அது சில்லறை. 5 வோல்ட் பேனலில் ஏழில் ஒரு பங்கு! 1 சதுர மி.மீ. போட்டால் இழப்பு பாதியாகும்.

4. ஒயர் கேமராவுக்குள் நுழையும் முன் தொட்டில் போலத் தொங்கட்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே இறங்காது.

5. தனிப் பேட்டரி வைத்தால் பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது லித்தியம் செல்லுக்கு ஆகாது. பேனலின் நிழலிலேயே வைக்கலாம்.

6. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் பேனலைத் துடையுங்கள். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை இருந்தால் எடுங்கள். இரவில் அதுதான் வெள்ளையாகப் படம் முழுக்கத் தெரியும்.

7. காலையில் எழுந்ததும் பேட்டரி சதவீதத்தைப் பாருங்கள். மாலை அளவு ஏமாற்றும். விடியற்கால அளவுதான் உண்மை பேசும்.

8. கடைசியாக ஒன்று. மோட்டார் தொட்டியில் குளிக்க, துணி துவைக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள். கேமராவின் பார்வை கேபிள் மேல் இருக்கட்டும், தொட்டி மேல் வேண்டாம். மாட்டும் முன் அவர்களிடம் சொல்லிவிடுவதும் நம் கடமை.

முடிவுரை

2024 நவம்பர் கடைசியில், பிறகு ஃபெங்கல் புயலாக மாறிய தாழ்வு மண்டலம் டெல்டாவை நனைத்தெடுத்தது. நான் ஹாஸ்டலில் தூக்கம் வராமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் விடியலில் 91 சதவீதம். அடுத்த நாள் 84. அதற்கடுத்த நாள் 78. கேமரா நிற்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு செய்தி வந்தது. நெஞ்சு படபடக்கத் திறந்தேன். குடை பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்து டார்ச் அடித்தபடி பெரியப்பா நிற்கிறார்!

மறுநாள் போனில் கேட்டேன், "மழையில அந்நேரத்துக்கு அங்க எதுக்குப் போனீங்க?" என்று. "முழிச்சிருக்கானான்னு பாக்கத்தாண்டா வந்தேன்" என்றார்.

நண்பர்களே! பேனலும் கேமராவும் கடையில் கிடைக்கும், பொருத்துவதற்கும் ஆள் கிடைக்கும். ஆனால் மாட்டுவதற்கு முன் ஒரு தாளில் பத்து வரி கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் டிப்ளமோ படித்த நமக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு மல்டிமீட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். நம்மை நம்பிக் காசு போடும் பெரியவர்களின் ஒரு மழை ராத்திரியாவது நிம்மதியாகக் கழியட்டும்.