குழாயில் ஓடும் நீரைக் கணக்கிடுதல்

நோபல் பார்க் பகுதிக்குக் குடிநீர் வழங்கும் நிறுவனம் சவுத் ஈஸ்ட் வாட்டர். தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு பகுதி, மானி காட்டும் அளவைப் பொறுத்தது. எனவே குழாயில் ஓடும் நீரைக் கணக்கிட அறிந்திருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தரும்.

வாளி முறை

நீரின் அளவை, அது ஓடிய நேரத்தால் வகுத்தால் ஓட்ட வீதம் கிடைக்கும். ஷவரின் கீழ் வைத்த 10 லிட்டர் வாளி 40 விநாடியில் நிரம்பினால், நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடுகிறது. அதில் 8 நிமிடம் குளிக்க 120 லிட்டர் செலவாகும். நிமிடத்துக்கு 9 லிட்டர் மட்டுமே விடும் ஷவரில் 72 லிட்டரே செலவாகும்.

மானி முறை

கண்ணுக்குத் தெரியாத கசிவையும் இதே கணக்குக் காட்டிவிடும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடியபின், மானியின் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கறுப்பு எண்கள் கிலோலிட்டரையும் சிவப்பு எண்கள் லிட்டரையும் குறிக்கும்; 1 கிலோலிட்டர் என்பது 1,000 லிட்டர். கழிப்பறை, சலவை இயந்திரம் உட்பட எதிலும் நீரைப் பயன்படுத்தாமல், காலையில் மீண்டும் பார்க்க வேண்டும். 8 மணி நேரத்தில் 24 லிட்டர் கூடியிருந்தால், கசிவு மணிக்கு 3 லிட்டர். 90 நாளில் அது 6,480 லிட்டராகும்.

கசிவு தெரிந்தால்

சொந்த வீட்டில் வசிப்போர் உரிமம் பெற்ற பிளம்பரை அழைக்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டு உரிமையாளருக்கோ முகவருக்கோ உடனே அறிவிக்க வேண்டும். குறித்துவைத்த இரு எண்களே அதற்குத் தக்க சான்றாகும்.