பெரியோர் வரலாறுகளைப் பயில்வது எப்படி?

பெரியோர்களுடைய வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கவேண்டும் என்பதை நாம் சிறு வயது முதலே கேட்டு வந்திருக்கிறோம். பள்ளிக்கூடச் சுவர்களில் அவர்களுடைய படங்கள் தொங்கின. ஆண்டு விழாவில் பரிசாகக் கிடைத்தவையும் பெரும்பாலும் அவர்களைப் பற்றிய சிறு நூல்களே. ஆனால் அவற்றை எவ்வாறு படிப்பது என்று நமக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. கதையைப் படிப்பதுபோல் படித்தோம், வியந்தோம், மூடி வைத்தோம். கணக்குக்கு ஒரு முறை உண்டு. இலக்கணத்துக்கு ஒரு முறை உண்டு. வாழ்க்கை வரலாற்றுக்கு மட்டும் முறை வேண்டாவோ?

இந்த ஐயம் எனக்கு உண்டான வேளையைச் சொல்லிவிடுகிறேன். நம் மன்றத்தின் பொங்கல் விழாவில் நண்பர் ஒருவர் சர். சி. வி. இராமனைப் பற்றி உணர்ச்சியோடு பேசினார். கப்பலில் சென்றார், கடலைக் கண்டார், அது ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார், நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது என்று அவர் முடித்தபோது மண்டபம் அதிரக் கைதட்டினோம். நானும் தட்டினேன். ஆனால் விடுதி அறைக்குத் திரும்பியபோது என் உள்ளம் ஊக்கம் பெற்றிருக்கவில்லை, சோர்ந்து கிடந்தது.

காரணம் உண்டு. முதுகலைப் படிப்பின் இறுதி ஆண்டு ஆய்வாக எனக்கு வாய்த்ததே இராமன் நிறமாலைதான். ஒரு கரிமப் பொருளின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது சிதறும் ஒளியைப் பிரித்து, அதிலுள்ள கோடுகளை அளக்கவேண்டும். ஆறு வாரங்களாக எனக்கு ஒரு கோடும் கிட்டவில்லை. கோடுகள் தோன்றவேண்டிய இடத்தில் திரையில் ஒரு பெருங்குன்று எழுந்து நின்றது. பொருளோடு கலந்துள்ள ஏதோ ஓர் அழுக்கு, லேசர் பட்டதும் தானே ஒளிர்கிறது. அந்த ஒளிர்வில் மெல்லிய கோடுகள் மூழ்கிவிடுகின்றன. கழுவினேன், வடித்தேன், மீண்டும் மீண்டும் படிகமாக்கினேன். குன்று அசையவில்லை. ஊருக்குத் திரும்பி வங்கித் தேர்வு எழுதலாமா என்றுகூட எண்ணத் தொடங்கியிருந்தேன். ஒரு முறை கடலைப் பார்த்தவருக்குப் பரிசு. ஆறு வாரம் ஒரு குப்பியைப் பார்த்தவனுக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் இவன் இந்தத் தொழிலுக்கு ஏற்றவன் அல்லன் என்பதுதானே பொருள்?

மறுநாள் நூலகத்திலிருந்து இராமனைப் பற்றிய நூல்களை எடுத்து வந்தேன். இம்முறை கதையாகப் படிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். ஒரு முழுத் தாளின் இடப்புறத்தில் ஆண்டுகளை வரிசையாக எழுதினேன். நூலில் ஒரு செய்தி வரும்போதெல்லாம் அதை உரிய ஆண்டுக்கு நேரே குறித்தேன். சற்று நேரத்துக்குள்ளாகவே ஓர் உண்மை புலனாயிற்று. கடற்பயணம் 1921-ஆம் ஆண்டு. கண்டுபிடிப்பு 1928-ஆம் ஆண்டு. இடையே ஏழு ஆண்டுகள்! விழா மேடையில் ஓர் அரைப்புள்ளிக்குள் அடங்கிப்போன காலம் அது.

நண்பர்களே, பெரியோர் வரலாற்றைப் பயிலும் முறை என்று நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: இடைவெளியைப் படியுங்கள். இராமனுடைய அந்த இடைவெளியைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

1921-இல் இராமன் இங்கிலாந்துக்குச் சென்று திரும்பினார். கடலின் நீலம் வானத்தின் நீலம் எதிரொளிப்பதே என்று ரேலி பிரபு சொல்லியிருந்தார். இராமன் தம்மோடு கொண்டுசென்ற நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவியால், நீர்ப்பரப்பில் பட்டு எதிரொளித்து வரும் ஒளியை மறைத்துவிட்டுக் கடலை நோக்கினார். வானத்து ஒளியை நீக்கிய பின்பும் நீலம் போகவில்லை. முன்னிலும் ஆழ்ந்து தெரிந்தது. ஆகவே நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறுகின்றன என்று முடிவு செய்தார். சட்டைப் பையில் அடங்கும் ஒரு கருவி; அதைக் கொண்டு ஒரு பேரறிஞரின் கூற்றைச் சோதித்துப் பார்க்கும் துணிவு. இது வியக்கத்தக்கதே. ஆயினும் இது இராமன் விளைவு அன்று. அதற்கு வழிதிறந்த கேள்வி மட்டுமே.

கல்கத்தாவுக்குத் திரும்பியதும் அவரும் அவருடைய மாணவர்களும் நீர்மங்களில் ஒளிச்சிதறலை ஆராயத் தொடங்கினர். 1923-இல் கே. ஆர். இராமநாதன் நீரில் ஓர் அற்பமான குறையைக் கண்டார். ஒரு நிற ஒளியை மட்டும் நீருக்குள் செலுத்தினால் அதே நிறம்தான் சிதறி வரவேண்டும். ஆனால் வேறு நிறத்தின் சாயல் சிறிது கலந்து வந்தது. நீரில் அழுக்கு இருக்கும் என்று கருதி நீரைத் தூய்மை செய்தார்கள். சாயல் போகவில்லை. மறுபடியும் செய்தார்கள். அப்போதும் போகவில்லை. மெலிந்த ஒளிர்வு என்று அதற்கொரு பெயர் கொடுத்து வைத்தார்கள். 1925-இல் கே. எஸ். கிருஷ்ணன் அறுபதுக்கு மேற்பட்ட நீர்மங்களை எடுத்துத் தூய்மை செய்து பார்த்தார். அங்கும் அதே தொல்லை.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். என் குப்பியைப் பற்றி யாரோ எழுதியதுபோல் இருந்தது.

1927-இன் இறுதியில் எஸ். வேங்கடேசுவரன் கிளிசரினை ஆராய்ந்தார். அவர் முழுநேர ஆராய்ச்சியாளரும் அல்லர். அலுவல் பார்த்துக்கொண்டே ஓய்வு வேளையில் வந்து உழைத்தவர். கிளிசரினில் சிதறிய ஒளி பச்சையாகத் தெரிந்தது. அதைவிட முக்கியமான ஒன்று: அந்த ஒளி நன்கு முனைவாக்கம் பெற்றிருந்தது. அதாவது அதன் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில் ஒழுங்குபட்டிருந்தது. அழுக்கினால் உண்டாகும் சாதாரண ஒளிர்வு அப்படி இராது. நான்கு ஆண்டுகளாகக் குறை என்று எண்ணிக் கழுவிக் களைய முயன்றதே புதிய பொருள் என்பது அப்போதுதான் துலங்கியது. அந்த ஆண்டு காம்ப்டனுக்கு எக்ஸ் கதிர்ச் சிதறலுக்காக நோபெல் பரிசு வழங்கப்பட்டதும் இராமனுடைய எண்ணத்தைக் கூர்மையாக்கிற்று. 1928 ஜனவரியில் கிருஷ்ணன் மீண்டும் சோதனையில் இறங்கினார். பிப்ரவரி 28-ஆம் நாள், சிதறிய ஒளியை நிறமாலை நோக்கியில் பார்த்தபோது புதிய நிறம் தனியே பிரிந்து நின்றது. நம் நாட்டில் அந்நாளை 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் படிகங்களில் இதே விளைவைத் தனியே கண்டிருந்தார்கள். கல்கத்தாவார் முன்னதாக வெளியிட்டார்கள்.

இன்னொரு இடைவெளியும் உண்டு. அது 1907 முதல் 1917 வரை உள்ள பத்து ஆண்டுகள். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை முடித்த இராமன், நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, 1907-இல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத்துறை அதிகாரியாக அமர்ந்தார். வயது பதினெட்டு. மொழி புதிது, ஊர் புதிது. நம்மில் பலர் ஹௌரா நிலையத்தில் முதன்முதல் இறங்கிய நிலையை நினைத்துக்கொள்ளுங்கள்! டிராம் வண்டியில் போகும்போது பௌ பஜார் தெருவில் 210-ஆம் எண் கட்டிடத்தில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்ற பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய சங்கம் அது. கருவிகள் இருந்தன, கையாள ஆளில்லை. இராமன் அன்றே கதவைத் தட்டினார்.

அதன்பின் அவருடைய நாள் எவ்வாறு கழிந்தது? விடியற்காலையில் சங்கத்துக்குப் போவார். காலை அலுவல் நேரம் நெருங்கும்போது வீடு திரும்பி, குளித்து, அவசரமாக உண்டு, அலுவலகத்துக்கு ஓடுவார். மாலை ஐந்து மணிக்கு அங்கிருந்து நேரே மீண்டும் சங்கம். வீடு சேர இரவு ஒன்பதோ பத்தோ ஆகும். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்கினார். வயலின், வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் ஓசை பற்றிய அவருடைய ஆராய்ச்சி இந்த ஆண்டுகளில் முளைவிட்டதே. 1917-இல் ஆசுதோஷ் முகர்ஜி அழைத்ததும், ஏறக்குறையப் பாதிச் சம்பளத்துக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை ஏற்றார். அதைத் தியாகம் என்று மேடையில் புகழ்கிறோம். பத்து ஆண்டுகள் அப்படி வாழ்ந்த ஒருவருக்கு அது தியாகமாகத் தோன்றியிருக்குமா? விடுதலையாகத் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

என் தாளில் ஆண்டுகள் நிரம்ப நிரம்ப, வலப்புறத்தில் பெயர்களும் பெருகின. சங்கத்தில் கருவிகளைப் பேணியும் சோதனைகளுக்கு உதவியும் வந்த ஆசுதோஷ் தே கல்லூரியை மிதித்தவர் அல்லர். அவரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். கிருஷ்ணன் பிறந்தது வத்திராயிருப்பில், 1898-இல். என் ஊர் திருவில்லிபுத்தூர். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவர் பெயரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. பின்னாளில் தில்லியில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர் அவர். 1930-இல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. தம் நோபெல் சொற்பொழிவில் இராமன் மாணவர்களின் பெயரைக் குறிப்பிடத்தான் செய்தார். மேடைப் பேச்சில் அவற்றை உதிர்த்துவிட்டவர்கள் நாமே.

இங்கே கசப்பான ஒரு செய்தியையும் மறைக்கலாகாது. 1933-இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற கமலா என்னும் மாணவி அங்கே சேர விண்ணப்பித்தார். பெண் என்பதற்காக இராமன் மறுத்தார். கமலா திரும்பிப் போகவில்லை, வாதாடினார். கடைசியில், ஓராண்டு பார்த்த பிறகே முறையான மாணவியாக ஏற்பது என்னும் நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அந்த நிபந்தனையை அவர் வாழ்நாள் முழுதும் அவமதிப்பாகவே கருதினார். 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற கமலா சோஹனி அவர்தாம். நம் மன்றத்துச் சகோதரிகள் இராமனிடமிருந்து உழைப்பைக் கற்கலாம். அவருடைய வாசலில் அசையாது நின்ற கமலாவிடமிருந்து கற்பது இன்னும் அதிகமாக இருக்கும். பெரியோரைக் கோயில் சிலையாக்கினால் இரண்டையும் சேர்த்தே வணங்க நேரிடும். நான் வணங்க விரும்பவில்லை, கற்க விரும்புகிறேன். இதைச் சொன்னதற்காக விழாவில் பேசிய நண்பர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பௌ பஜாருக்குப் போனோம். தெருவுக்கு இப்போது விபின் பிகாரி கங்குலியின் பெயர். சங்கம் யாதவபுரிக்கு இடம் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 210-ஆம் எண்ணில் இப்போது இருப்பது வணிகக் கல்லூரி. கணக்குத்துறையை விட்டு விஞ்ஞானத்துக்கு வந்த மனிதரின் இடத்தில் கணக்குப் படிக்கிறார்கள் என்று நண்பர் சிரித்தார். எதிர்ப்புறம் நின்று மண்குவளையில் தேநீர் குடித்தோம். விடியற்காலையில் இந்தத் தெருவில் ஒருவர் ஆண்டுக்கணக்காக வேகமாக நடந்துபோயிருக்கிறார் என்ற நினைவு மட்டும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

என் குன்றின் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். இராமநாதனுடைய சாயல் புதிய விளைவாக முடிந்தது. என்னுடையது அப்படி முடியாது. அது வெறும் அழுக்கே. வேங்கடேசுவரன் செய்ததுபோல் அதன் முனைவாக்கத்தைச் சோதித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்! கரைப்பானை மாற்றி மேலும் இரண்டு முறை படிகமாக்கியதில் குன்று பாதியாகத் தாழ்ந்திருக்கிறது. அதன் சரிவில் ஒரு கோடு, ஒன்றே ஒன்று, தலைகாட்டுகிறது. வங்கித் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் போன வாரம் கடந்துவிட்டது, நான் அனுப்பவில்லை. அடுத்த படிகம் இன்றிரவு வடிதாளில் காய்ந்துகொண்டிருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிடக் காவலரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.