எந்தக் கால்வாய் முதலில்? வெள்ளத் தடுப்பில் முன்னுரிமை என்னும் பாடம்



இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. தேவாரமும் இல்லை, புராணமும் இல்லை. மழைத்தண்ணீரைப் பற்றியது. "அது அரசாங்கத்தோட வேலை, நமக்கு என்ன?" என்று கேட்கலாம். பணம் கொஞ்சம், ஆபத்து நிறைய என்று இருக்கும்போது யாரை முதலில் காப்பாற்றுவது என்பது பொறியாளர் மட்டும் போடும் கணக்கு இல்லை. அது தர்மம் சம்பந்தப்பட்ட கேள்வியும்தான். படித்து முடித்தபின் வகுப்பில் இதை விவாதிக்கப் போகிறோம், அதனால் பென்சிலோடு உட்காருங்கள்.

1. நமக்குப் புயல் வருமா?

தமிழ்நாட்டு உறவினர்களிடம் பேசினால் புயல் பெயர்கள் சரசரவென்று வரும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து லட்சக்கணக்கான தென்னை மரங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. சிங்கப்பூர்ல அந்த மாதிரி எதுவும் கேள்விப்படுறதில்லையே, ஏன்?

புயல் சுழல வேண்டுமானால் பூமியின் சுழற்சி காற்றை வளைக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்த வளைக்கும் விசை மிகக் குறைவு. அதனால்தான் புயல் நம் பக்கம் உருவாவது அபூர்வம். அபூர்வம் என்றால் "நடக்கவே நடக்காது" என்று அர்த்தம் இல்லை. 2001 டிசம்பரில் 'வாமெய்' என்ற புயல் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் உருவாகி, பக்கத்து ஜொகூரில் கரையேறியது.

நம் உண்மையான எதிரி புயல்காற்று இல்லை, மழைதான். 1978 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உயிர்ச்சேதம் ஏற்பட்டது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், முழங்கால் தண்ணீரில் நடந்த கதை ஒன்றாவது இருக்கும்.

2. தேக்கா ஏன் தாழ்வான இடம்?

லிட்டில் இந்தியாவுக்கு நம்மவர்கள் வந்து குடியேறியதில் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய ஈர நிலத்தில் புல் செழிப்பாக வளர்ந்தது. மாடு வளர்ப்புக்கு அதைவிட என்ன வேண்டும்? 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாயில் எருமைத் தொழுவம். பஃபலோ ரோடு பெயரும் அங்கிருந்து வந்ததுதான். 'தேக்கா' என்ற பெயரே, கால்வாய் ஓரத்தில் இருந்த மூங்கில் புதர்களின் அடிவாரத்தைக் குறிக்கும் ஹொக்கியன் சொல் என்பார்கள்.

புல்லுக்கு நல்ல நிலம் கட்டடத்துக்கு நல்ல நிலமாக இருக்கணும்னு அவசியம் இல்லை. தாழ்வான இடம். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் மேலே புக்கிட் தீமா பக்கம் பெருமழை பெய்தால், தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஜாலான் புசார் வட்டாரத்துத் தெருக்களில் நின்றுவிடும். அந்த வட்டாரத்துக்கு அது பல்லாண்டுத் தலைவலி.

இதற்கு என்ன செய்தார்கள்? தேக்காவில் ஒரு பெரிய சுவர் எழுப்பினார்களா? இல்லை. இரண்டு முக்கியமான வேலைகள் தேக்காவுக்கு வெளியே நடந்தன.

முதலாவது, மேலே. புக்கிட் தீமா கால்வாயின் தண்ணீரில் ஒரு பகுதியை உலு பாண்டான் பக்கம் திருப்பிவிடும் கால்வாய் 1972ல் முடிந்தது. இரண்டாவது திருப்பு கால்வாய் 1990ல் முடிந்து, இன்னொரு பகுதியைக் காலாங் ஆற்றுக்குக் கொண்டுபோனது. மேலே திருப்பிவிட்டதால் கீழே ரோச்சோர் கால்வாய்க்குச் சுமை குறைந்தது.

இரண்டாவது, கீழே. 2008ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. அதில் 9 மதகுகள், 7 ராட்சத பம்புகள். கடல்மட்டம் தாழ்ந்திருக்கும்போது பெருமழை பெய்தால் மதகைத் தாழ்த்தினால் போதும், தண்ணீர் தானாகக் கடலுக்குப் போய்விடும். கடல் ஏறியிருந்தால் மதகை மூடிவிட்டு, பம்புகள் தண்ணீரைக் கடலுக்குள் இறைக்கும். ஒவ்வொரு பம்பும் வினாடிக்கு 40 கன மீட்டர் இறைக்கக்கூடியது.

முதல் பாடம் இதுதான்: பலன் கிடைக்கும் இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் வேறு. "எங்க தெருவுக்கு என்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டால் திட்டத்தின் பாதி நம் கண்ணுக்கே தெரியாது.

3. யார் முடிவெடுக்கிறார்கள்?

சென்னை என்றால் மாநகராட்சி, பொதுப்பணித் துறை, நீர்வளத் துறை என்று பல கதவுகள். இங்கே தனி நகராட்சி கிடையாது. வடிகால் வேலை பியூபி எனப்படும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. வீவக புளோக்குகளைச் சுற்றியுள்ள பொது இடங்களை நகர மன்றங்கள் பார்த்துக்கொள்கின்றன. 2020லிருந்து கடலோரப் பாதுகாப்பும் பியூபியிடமே வந்திருக்கிறது.

1970களில் வெள்ளம் வரக்கூடிய நிலம் சுமார் 3,200 ஹெக்டேர் இருந்தது. இன்று அது சுமார் 30 ஹெக்டேர். இந்த வித்தியாசம் ஒரே வருடத்தில் வந்ததில்லை. வருடா வருடம் "இந்த வருஷம் எது?" என்று தேர்ந்தெடுத்து வந்தது.

4. ஆர்ச்சர்ட் ரோடு சொல்லித் தந்தது

2010 ஜூன் 16. இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நாட்டின் பளபளப்பான கடைத்தெருவில் கார்கள் மிதந்தன. அதன்பின் சாலையையே உயர்த்தினார்கள். ஆனால் 2011 டிசம்பரில் அங்கே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மறுபடியும் தண்ணீர் புகுந்தது.

நிபுணர் குழு அமைக்கப்பட்டது. 2012ல் வந்த அதன் அறிக்கை மூன்று இடங்களில் வேலை செய்யச் சொன்னது.

ஊற்று: மழை விழும் இடத்திலேயே தண்ணீரைப் பிடித்து வைத்து, மெதுவாக விடுவது. 2014லிருந்து 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் உள்ள புதிய கட்டுமானங்கள் இதைச் செய்தாக வேண்டும்.

வழி: கால்வாயை அகலப்படுத்துவது, திருப்பிவிடுவது. ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் மேல்பகுதித் தண்ணீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பும் 2 கிலோமீட்டர் கால்வாயும், பூமலைக்குப் பக்கத்தில் 38,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியும் 2018ல் தயாராகின. மழை உச்சத்தில் தண்ணீர் தொட்டிக்குள் போகும். மழை ஓய்ந்ததும் பம்பு வைத்துக் கால்வாய்க்கே திருப்பி விடுவார்கள்.

வாசல்: தண்ணீர் வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு கட்டடத்தைக் காப்பது. தரைமட்டத்தை உயர்த்துவது, வாசலில் தடுப்புப் பலகை போடுவது.

இது நம் முன்னோர்களுக்குப் புதுசு இல்லை. தமிழ்நாட்டில் ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாகத் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகும். ஏரி பிடித்து வைக்கும், கலிங்கு மிச்சத்தைத் திருப்பிவிடும், மேட்டில் கட்டிய வீடு தப்பிக்கும்.

5. '50 ஆண்டு மழை' என்றால் என்ன?

இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 50 ஆண்டு மழை என்றால் இன்று பெய்தால் அடுத்த 50 வருடத்துக்கு விடுமுறை என்று அர்த்தம் இல்லை. எந்த ஒரு வருடத்திலும் அப்படிப்பட்ட மழை பெய்ய 2 விழுக்காடு வாய்ப்பு என்றுதான் அர்த்தம். அடுத்த வருடமே மறுபடியும் பெய்யலாம். நீங்கள் ஒரு வீட்டில் 30 வருடம் குடியிருந்தால், அதில் ஒருமுறையாவது அந்த மழையைப் பார்க்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு. கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்க்கிற மாதிரிதான்!

6. இப்போது நீங்களே தேர்ந்தெடுங்கள்

ஒரு கற்பனை வட்டாரம். கையில் இருப்பது 10 லட்சம் வெள்ளி. கேட்டு வந்திருப்பவை நான்கு வேலைகள்.

அ. கடைத்தொகுதியின் கீழ்த்தளத்துக்குத் தடுப்பு. செலவு 4 லட்சம். 10 வருடத்துக்கு ஒருமுறை 60 லட்சம் நஷ்டம்.

ஆ. பழைய கடைவீட்டு வரிசைக்கு வடிகால். செலவு 5 லட்சம். 5 வருடத்துக்கு ஒருமுறை 3 லட்சம் நஷ்டம்.

இ. கோயில் மண்டபத்தின் மின்பலகையைத் தரையிலிருந்து உயர்த்துவது. செலவு 20,000. 20 வருடத்துக்கு ஒருமுறை 1 லட்சம் நஷ்டம்.

ஈ. முதியோர் இல்லத்துக்குப் போகும் தாழ்வான ஒரே சாலையை உயர்த்துவது. செலவு 3 லட்சம். 25 வருடத்துக்கு ஒருமுறை 50,000 நஷ்டம். ஆனால் அன்று ஆம்புலன்ஸ் உள்ளே போக முடியாது.

நஷ்டத்தை வருடங்களால் வகுத்தால் ஒரு வருடத்துச் சராசரி கிடைக்கும். 'அ'வுக்கு 6 லட்சம், 'ஆ'வுக்கு 60,000, 'இ'க்கு 5,000, 'ஈ'க்கு வெறும் 2,000. செலவோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துங்கள். அ, இ, ஆ என்று வரும். 9 லட்சத்து 20 ஆயிரம் போய்விடும். மிச்சம் 80,000தான். முதியோர் இல்லம் வெளியே!

கணக்கு தப்பா? கணக்கு சரிதான். கணக்கில் எதைச் சேர்த்தோம் என்பதில்தான் பிரச்சினை. பணத்தை மட்டும் எண்ணினால், நிறைய பொருள் வைத்திருப்பவரே எப்போதும் முதலில் நிற்பார். உயிர் அந்தப் பட்டியலில் வராது.

இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்போம்: யார் செலவு செய்வது? கடைத்தொகுதி தன் வாசல் தடுப்பைத் தானே போட்டுக்கொள்ள முடியும், அதற்கு அதில் லாபமும் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஆ, இ, ஈ மூன்றுக்கும் சேர்த்து 8 லட்சத்து 20 ஆயிரம் போதும். எல்லோரும் காப்பாற்றப்படுகிறார்கள், கையில் மிச்சமும் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். யாரை எண்ணுகிறோம்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் நிற்கும் வெளிநாட்டு ஊழியர்கள் அந்த வட்டாரத்துக் குடியிருப்பாளர்கள் இல்லை. முகவரி வைத்து எண்ணினால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் மழை முகவரி பார்த்துப் பெய்வதில்லை.

7. கட்டினால் மட்டும் போதாது

1999ல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013ல் ஃபைலின் புயல் வந்தபோது 50 பேருக்கும் குறைவு. நடுவில் என்ன நடந்தது? வானத்தைத் தொடும் சுவர் எதுவும் கட்டவில்லை. புயல் தங்குமிடங்கள், முன்னெச்சரிக்கை, ஊர் ஊராகப் பயிற்சி பெற்ற தொண்டர்கள், லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே வெளியேற்றியது. உயிரை முதலில் வைத்த முன்னுரிமை அது.

நம் ஊரிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2017 அக்டோபரில் பீஷான், பிராடல் நிலையங்களுக்கு இடையே எம்ஆர்டி சுரங்கப்பாதைக்குள் மழைநீர் புகுந்தது. பம்புகள் இருந்தன, ஆனால் வேலை செய்யவில்லை. பராமரித்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தது, பராமரிப்பு நடக்கவில்லை. ஆயுத பூஜையன்று கருவியைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோமே, அதன் அர்த்தம் இதுதான்: கருவியைக் கவனி, அது உன்னைக் கவனிக்கும். கிராமங்களில் மழைக்கு முன் ஊரே கூடித் தூர்வாரிய குடிமராமத்தும் இதைத்தான் சொன்னது.

8. இனி வரப்போவது

2024ல் வந்த தேசிய ஆய்வின்படி, இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் நம்மைச் சுற்றியுள்ள கடல்மட்டம் அதிகபட்சம் 1.15 மீட்டர் உயரலாம். நம் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கடலோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுக் காலத்தில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் சொல்லப்பட்டது. கடற்கரை முழுவதையும் ஒரே நேரத்தில் கட்ட முடியாது. அதனால் பகுதி பகுதியாக ஆய்வு நடக்கிறது. 2021ல் முதலில் எடுத்துக்கொண்டது நகர மையமும் கிழக்குக் கடற்கரையும்.

அந்த வேலைகள் முடியும்போது உங்களுக்கு என் வயதைவிட அதிகம் இருக்கும். எதை முதலில் கட்டுவது என்று மேசையைச் சுற்றி உட்காரப் போவதும் நீங்கள்தான். பொறியாளராக, கணக்காளராக, அல்லது கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கை தூக்கும் குடிமகனாக.

வகுப்பில் பேச:

1. ஆறாம் பகுதியில் உள்ள நான்கு வேலைகளை நீங்கள் எந்த வரிசையில் வைப்பீர்கள்? ஏன்?

2. உங்கள் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மின்பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம்? மடப்பள்ளி அரிசி மூட்டை எங்கே இருக்கிறது? வடிகாலில் பூவும் வாழை இலையும் அடைத்திருக்கிறதா? மூன்று குறைகளைக் கண்டுபிடித்து, எது முதலில் என்று எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள்.

3. உங்கள் புளோக்கில் தனியாக வாழும் முதியவர் யார்? வெள்ள எச்சரிக்கை வந்தால் அவருக்கு யார் சொல்வது?

மூன்றாவது கேள்விக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. அதிலிருந்தே தொடங்குங்கள்.