கீரைப் பாத்தியும் மாத்திரைப் புட்டியும்

கெடிலக் கரையிலுள்ள திருவதிகை, திருநாவுக்கரசரின் சூலைநோய் தீர்ந்த தலமென்பது யாவரும் அறிந்ததே. அதனையடுத்த பண்ணுருட்டிப் பகுதியில் பலாவும் முந்திரியும் மணிலாவும் செழித்து விளைகின்றன. விளைந்ததையெல்லாம் விலைக்கு அனுப்பிவிட்டு, உணவிலேயே கிடைக்கும் சத்துகளை மருந்துக்கடையில் மாத்திரையாக வாங்கும் வழக்கம் இக்காலத்தில் பல குடும்பங்களில் புகுந்துள்ளது. இதனால் நன்மை உண்டா என்பது ஆராயத்தக்கது.

மணிலா எண்ணெயை வெயில் படும்படி திறந்து வைத்தால் நாளடைவில் சிக்கு வாடை வீசும். செம்புப் பாத்திரத்தில் அது இன்னும் விரைவில் கெடும். காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயுடன் சேர்வதே இதற்குக் காரணம். அச்சேர்க்கையில், இணையற்ற மின்னணுவுடன் நிற்கும் துகள்கள் உண்டாகின்றன. ஒவ்வொன்றும் பக்கத்துத் துகளினின்று தனக்கு வேண்டியதைப் பறிக்க, பறிகொடுத்தது அடுத்ததைப் பறிக்கிறது. ஒரு கூரையில் பற்றிய தீ தெரு முழுவதும் பரவுவது போலாம். இத்துகள்களை 'பிரீ ராடிகல்' என்பர். எண்ணெயில் இயற்கையாயுள்ள 'ஈ' ஜீவசத்து இடையில் தன்னையே கொடுத்து இத்தொடரை அறுக்கிறது.

மனித உடலிலும் மூச்சுக்காற்றின் உபயோகத்தில் இத்துகள்கள் தோன்றுகின்றன. பீடிப்புகை அவற்றைப் பெருக்குகிறது. முதுமைக்கு இவையே காரணமென அமெரிக்க அறிஞர் டென்ஹாம் ஹார்மன் 1956-ல் எழுதினார். ஆயினும் இவை முற்றிலும் பகையல்ல. நோய்க்கிருமிகளைக் கொல்ல இரத்தத்தின் வெள்ளணுக்களும் இவற்றைக் கையாளுகின்றன.

கீரையும் கனிகளும் மிகுதியாக உண்போருக்கு இருதய நோயும் சிலவகைப் புற்றுநோய்களும் குறைவாயிருப்பது பல நாடுகளில் காணப்பட்டது. அப்படியானால் அவற்றிலுள்ள 'கரோட்டின்' சத்தைப் பிரித்துக் கொடுத்தாலென்ன என்று பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆடவரைக் கொண்டு சோதித்தனர். 1994-ல் வெளியான முடிவு எவரும் எதிர்பாராதது. தினம் 20 மில்லிகிராம் கரோட்டின் உட்கொண்டவர்களில் நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு அதிகமாயிற்று. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற மற்றொரு சோதனை, இதே தீங்கு தென்பட்டதால், 1996-ல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே பீடி, சுருட்டுப் பழக்கமுள்ளோர் இம்மாத்திரையை நாடலாகாது. புகையை விடுவதே அவர்களுக்கு மருந்து.

குழந்தைகளுக்குச் சர்க்கார் சுகாதார ஊழியர் தரும் 'ஏ' ஜீவசத்துத் திராவகம் இதனின்றும் வேறானது. சத்துக் குறைவுள்ள இடத்தில் அது உயிர் காக்கும். திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் 15,419 குழந்தைகளைக் கொண்டு நடந்து 1990-ல் வெளியான ஆராய்ச்சியில், வாரந்தோறும் சிறு அளவு பெற்ற குழந்தைகளிடையே மரணம் பாதிக்கு மேல் குறைந்தது. கிராம அதிகாரிகள் இவ்விரண்டையும் குழப்பாது மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

பெரியவர்களுக்குக் கிணற்று வாய்க்காலோரம் ஒரு கீரைப் பாத்தியும், கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு கொய்யாவும் போதும். கீரையை நறுக்கும் முன்பே கழுவி, சிறிது நீரில் வேகவைத்து, அந்நீரை வடிக்காமல் சேர்த்துண்ண வேண்டும். கரோட்டின் கொழுப்பில் கரைவதாகையால் சிறிது எண்ணெயில் தாளித்தல் நலம். அந்த எண்ணெயையும் குறுகிய வாயுள்ள ஜாடியில் கழுத்துமட்டும் நிரப்பி, இருளான, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.